மூடியில் தண்ணீர் படக் கூடாது

கோதைநாயகியின் அகத்துக்கு அந்த ஹீட்டர் வந்ததே ஒரு கலகத்துக்குப் பிறகுதான்.

அவள் கணவர் பாஷ்யம் திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். விடிவதற்கு முன்னால் குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு அடுப்படிக்குப் போவது அவர் வழக்கம். நாற்பது வயதில் மூச்சிழுப்பு வந்து சேர்ந்தது. குளத்தையும் விடணும், புகையையும் விடணும் என்றார் டாக்டர். புகையை விடுவதாவது! மடைப்பள்ளிக்காரர் புகையை விட்டால் பெருமாள் பட்டினி. ஆனால் குளத்தையாவது விடலாம் இல்லையா? அகத்தில் விறகு வைத்து வெந்நீர் போட்டால் அதிலும் புகை. கடைசியில் பாஷ்யத்தின் தம்பி தேசிகன்தான் மெட்ராஸுக்குப் போய் அந்த ஹீட்டரை வாங்கி வந்தான். சுருள் சுருளாக ஒரு கம்பி, அதன் தலையில் கறுப்பாக ஒரு மூடி, மூடியிலிருந்து ஒரு ஒயர், அவ்வளவுதான். பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, அதில் ஹீட்டரை மாட்டித் தொங்கவிட்டு சுவிட்சைத் தட்டினால் அரைமணியில் தண்ணீர் சுடும்.

"கரண்டுல காஞ்ச வெந்நீர் மடியாகுமோ?" என்று தெருவே கேட்டது. பாஷ்யம் ஒரே வார்த்தையில் எல்லார் வாயையும் அடைத்தார்.

"கரண்டுக்கு ஏது ஜாதி? அது எச்சிலும் பார்க்காது, தீட்டும் பார்க்காது. ஸ்வாமி, நீங்க போய் உங்க வேலையைப் பாருங்கோ."

கோதைநாயகி அன்றைக்குச் சிரித்தாள். பின்னால் அந்த வார்த்தையை அவளால் மறக்கவே முடியவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம். மார்கழி பிறந்த முதல் வாரமே ஹீட்டர் முரண்டு பிடித்தது. அரைமணி ஒரு மணியாயிற்று. சனிக்கிழமை கருகல் வாசனை அடித்தது. மார்கழி மாதம் மடைப்பள்ளிக்காரருக்கு மூச்சுவிட நேரம் ஏது? தேசிகன், "கவலைப்படாதேங்கோ மன்னி, நம்ம கம்பெனிலேர்ந்து ஒருத்தனை அனுப்பறேன்" என்றான். அவன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த குழாய்க் கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன், அண்ணா அகத்திலேயே சாப்பாடு. அவன் அனுப்பியவன் வரதன்.

வரதனுக்கு இருபத்து நாலு வயதிருக்கும். அவன் அப்பனும் பாட்டனும் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவர்கள். அவன் ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்திருந்தான். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். பொங்கலுக்குள் பத்துப் பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், பட்டியலில் அவன் பெயரும் இருந்தது, சிபாரிசு பண்ணியவன் தேசிகன். பெருமாள் பெயரைத்தான் வைத்திருந்தான், ஆனாலும் பெருமாள் தெரு அகத்துக்கு வாசல் வழியாக வரக் கூடாதவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லை வழியாக வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"இன்னாம்மா, தண்ணி சுத்தமா சுடலியா, இல்ல லேட்டா சுடுதா?"

"லேட்டாத்தான். நேத்திக்குக் கருகின வாசனையும் வந்தது."

அவன் ஹீட்டரைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "கம்பி மேல எவ்ளோ உப்பு பூத்துக்கினு கீது பாருங்க. உங்க கெணத்துத் தண்ணி உப்பு. சூடு தண்ணிக்குப் போவாம கம்பிலியே நின்னுடுது." ஒரு சின்னக் கத்தியால் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டித் தள்ளினான். பிறகு கறுப்பு மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அதில் மாட்டியிருந்த ஒயர் முனை கரிக்கட்டையாகக் கிடந்தது.

"தோ கீது பாருங்க உங்க பேஜாரு."

கருகினதை வெட்டிவிட்டு, ஒயரைப் புதிதாகச் சீவி, முறுக்கி மாட்டினான். பல்பு கோத்த ஒயரை இங்கேயும் அங்கேயும் வைத்துச் சோதித்தான். மூடியைப் பூட்டி, முழங்காலில் வைத்துக்கொண்டு, பழந்துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினான். முக்கால் மணி நேரம். வேலையென்றால் அது வேலை. கோதைநாயகியே மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டான். அவள் சொம்பை உயரத் தூக்கி ஊற்றினாள், அவன் கையைக் குவித்துக் குடித்தான். இரண்டு பேருக்குமே அது பழக்கம்தான், யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஹீட்டரைக் கல்லின்மேல் வைத்துவிட்டு அவன் இரண்டடி தள்ளி நின்றான்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. கீழ கீற கம்பியப் புளி போட்டுக் கழுவுங்க, சாம்பல் போட்டுக் கழுவுங்க, எவ்ளோ வேணாக் கழுவிக்குங்க. மேல மூடில மட்டும் தண்ணி படக் கூடாது. உள்ள எறங்கிச்சுன்னா கம்பி பூரா கரண்டு வரும். இந்த ஊட்டுல எர்த்தும் கெடையாது, ஆளத் தூக்கிடும்."

"சரிப்பா."

கொல்லைக் கதவு வரைக்கும் போனவன் திரும்பினான். "மூடில படக் கூடாதும்மா."

"சரி, சரி."

சரி என்றுதான் சொன்னாள். அவன் தலை மறைந்ததும் புளியும் சொம்பும் எடுத்துக்கொண்டு கல்லுக்கு வந்தாள். கம்பியைப் புளி போட்டுத் தேய்த்தாள், மூன்று தரம் அலம்பினாள். அது அவனே சொன்னதுதான். அப்புறம் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கை அதிக நேரம் பட்டது எதில்? கம்பியிலா? முழங்காலில் வைத்துத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தது அந்த மூடியைத்தானே! நாளைக்கு அண்டாவின் தலையில் உட்காரப் போவதும் அதுதானே! அந்த வெந்நீரில் குளித்துவிட்டு அவர் போய்ப் பெருமாளுக்குப் பொங்கல் வைக்க வேண்டும். கம்பியை அலம்பிவிட்டு மூடியை விட்டால் அது என்ன மடி? காலை அலம்பிவிட்டு முகத்தை விட்ட கதை.

கொஞ்சமாகத்தான் என்று ஆரம்பித்தாள். கொஞ்சம் எங்கே கொஞ்சமாக நிற்கும்? அதற்கும் புளி தேய்த்தாள். மூன்று சொம்பு விட்டாள். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள், புடவைத் தலைப்பால் ஒற்றினாள். அன்றைக்கு வெயிலும் இல்லை. 'காஞ்சுடும்' என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடியலில் பாஷ்யம் சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் சுட்டதா என்று, சுவிட்சை அணைக்காமலேயே விரலை விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அது தப்புதான், ஆனால் அத்தனை நாளும் ஒன்றும் ஆனதில்லை. அன்றைக்கு விரல் தண்ணீருக்குப் போகவே இல்லை. அண்டாவின் விளிம்பில் கை பட்டதுதான் தெரியும். "ஐயோ!" என்று ஒரு சத்தம். கோதைநாயகி ஓடி வந்தபோது அவர் துவைக்கிற கல்லின்மேல் விழுந்து கிடந்தார். வலது மணிக்கட்டு, இருக்க வேண்டிய திசையில் இல்லை.

உயிர் பிழைத்தது பெருமாள் புண்ணியம். அன்றைக்கே வண்டி வைத்துக்கொண்டு புத்தூருக்குப் போய் எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நாற்பத்தைந்து நாள் கையை அசைக்கக் கூடாது. இருபது வருஷத்தில் மார்கழி மாதம் ஒரு நாள் கூடத் தவறாத மனுஷர். வேறு ஒருவர் கையால் பெருமாள் தளிகை நடக்கிறது என்று தெரிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தேசிகன் கொதித்துப் போயிருந்தான். "என்ன ரிப்பேர் பண்ணினான் அந்தத் தடியன்? மன்னி, அவன் போனதுக்கப்புறம் நீங்க ஏதாவது பண்ணேளா?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உள்ளே பாஷ்யம் வலியில் முனகுவது கேட்டது. இவரை இந்தக் கதிக்கு ஆளாக்கினது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது?

"நான் என்ன பண்ணப்போறேன்? அவன் வெச்சுட்டுப் போனதை எடுத்து மாட்டினேன், அவ்வளவுதான்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

"அப்போ அவன் கைவேலைதான்" என்றான் தேசிகன். "ஒரு ஹீட்டரை ஒழுங்கா மாட்டத் தெரியாதவனைப் பெரிய மோட்டார்ல ஏத்தினா நாளைக்கு நாலு உசிரு போகும். என் வாயாலதானே சிபாரிசு பண்ணினேன்? அடுத்த திங்கக்கிழமை லிஸ்டுல கையெழுத்தாறது. அதுக்குள்ள என் வாயாலயே வேண்டாம்னு சொல்லிடறேன். லிஸ்டுலேர்ந்து எடுத்தா அப்புறம் கேட்டுக்குள்ளயே விடமாட்டா."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த வாரம் முழுக்க கோதைநாயகிக்கு அந்தப் பழமொழிதான் ஜபம். சாதம் வடித்தால் கஞ்சியில் அது, கோலம் போட்டால் புள்ளியில் அது. கணவருக்குச் சாதம் பிசைந்து ஊட்டும்போது அவர், "உனக்குத்தான் எவ்வளவு சிரமம்" என்பார். அவள் அடுத்த கவளத்தை உருட்டுவாள். திட்டினால் கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

புதன்கிழமை கொல்லையில் குரல் கேட்டது. கீரை கொண்டு வருகிற கங்கம்மா. வரதனின் அம்மா. கூடையை இடுப்பிலேயே இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"சாமிக்கு எப்டிம்மா கீது கை?"

"கட்டுப் போட்டிருக்கு."

"எம் புள்ள மூணு நாளா சோறு துன்னலம்மா. படுத்துக்கினு மோட்டப் பாத்துக்கினே கீறான். எந்த ஸ்க்ரூவ உட்டேன், எந்த ஸ்க்ரூவ உட்டேன்னு அதே பேச்சு. நைனா செத்தன்னிக்குக் கூட அவன் இப்டி இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் வேலைய அரைகொறையா உடறவன் இல்லம்மா. எப்டி ஆச்சுன்னே தெரியல. நீங்க ஒரு வார்த்த அந்தத் தம்பிகிட்ட சொன்னா..."

கோதைநாயகி உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டு வந்து கூடையில் கொட்டினாள். கங்கம்மா அதைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். கேட்டது அரிசி இல்லையே! இருந்தாலும் கீரைக் கட்டைக் கல்லில் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு வாங்கின கீரையை கோதைநாயகியால் நறுக்கக் கூட முடியவில்லை. சீ, நான் ஒரு மனுஷியா என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தேசிகன் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது ரசத்தை ஊற்றினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமையும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரதனே வந்துவிட்டான். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சார், ஒரே ஒரு வாட்டி அந்த ஹீட்டரப் பாக்குறேன் சார். இன்னா உட்டேன்னு தெரிஞ்சாப் போதும். வேல போனாலும் போவட்டும்."

தேசிகனுக்கு இஷ்டமில்லை. பாஷ்யம்தான், "பார்க்கட்டுமேடா" என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லையில் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மூலையில் வீசிப் போட்டிருந்த ஹீட்டரை தேசிகன் எடுத்துக் கல்லின்மேல் போட்டான். கோதைநாயகி கிணற்றடித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வரதன் முதலில் பல்பு ஒயரை மாட்டி, ஒரு முனையைக் கம்பியின் உடம்பில் வைத்தான். பல்பு மங்கலாக எரிந்தது. "பாருங்க சார், கம்பி ஒடம்புல கரண்டு வருது. வரக் கூடாது" என்று முணுமுணுத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினான். ஸ்க்ரூவெல்லாம் அவன் முறுக்கின மாதிரியே கெட்டியாக இருந்தது. ஆனால் பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஒரு இடுக்கில் ஈரமாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அதை நெம்பி எடுத்தான்.

புளிச் சக்கை. கோதுநார் கூட அப்படியே இருந்தது.

அவன் அதைப் பார்த்தான். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான், ஒரு கணம்தான். பிறகு அந்த நுனியைத் தன் கால்சட்டையில் துடைத்துவிட்டான்.

"என்னடா இருந்தது?" என்றான் தேசிகன்.

"ஒண்ணுமில்ல சார். ஈரம் எறங்கிக்கினு கீது. மூடிக்குக் கீழ ஒரு வாஷர் வெச்சிருக்கணும், நான் வெக்கல. என் தப்புதான் சார்."

"பார்த்தேளா அண்ணா? அவனே ஒத்துண்டுட்டான். நாளைக்கு ஆபீஸ்ல..."

அவ்வளவுதான், முடிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவனே மறைத்துவிட்டான், இனிமேல் ஈ எறும்புக்குக் கூடத் தெரியாது. கோதைநாயகிக்கு ஒரு நொடி அப்பாடா என்றுதான் இருந்தது. அந்த அப்பாடாதான் அவளைக் கொன்றது. இவ்வளவு கேவலமானவளா நான் என்று நினைத்த மாத்திரத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவன் மேல தப்பில்லை. நான்தான் அலம்பினேன்."

"எதை மன்னி?"

"அந்த மூடியை. புளி போட்டுத் தேய்ச்சு மூணு சொம்பு ஜலம் விட்டேன். படக் கூடாதுன்னு அவன் ரெண்டு தரம் சொல்லிட்டுத்தான் போனான். நீ கேட்டப்போ பொய் சொன்னேன் தேசிகா."

பாஷ்யம் அவளையே பார்த்தார். "அவன் சொல்லியுமா? ஏண்டி அலம்பினே?"

ஏன் என்று அங்கே இருந்த மூன்று ஆண்களுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த மனுஷர் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியுமா? வரதன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

"அவன் தொட்டதுன்னு."

பாஷ்யம் தலையைக் குனிந்துகொண்டு கட்டுப் போட்ட கையையே தடவினார். கரண்டுக்கு ஏது ஜாதி என்று தெருவுக்கு உபதேசம் பண்ணினவர் அல்லவா! தேசிகன் செருமினான். "சரி, மன்னி. நீங்க உள்ளே போங்கோ. இதையெல்லாம் இப்போ எதுக்கு..."

"நான் எங்கேயும் போகலே. நாளைக்கு அவன் பேர் லிஸ்டுல இருக்கணும். நீ சொல்லலேன்னா உன் கம்பெனி கேட் வாசல்ல நானே வந்து நின்னு, நடந்ததைச் சொல்லுவேன். எனக்கென்னடா, போன மானம் போனதுதான்."

"சொல்றேன் மன்னி. சத்தியமாச் சொல்றேன்."

சொன்னான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குள்ளேயே வரதனுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அந்தக் கவலை யாருக்கும் வேண்டாம்.

கோதைநாயகி அவன் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டிருந்தது. "புளியைப் பார்த்தியே. பார்த்துட்டும் ஏம்பா சொல்லலே?"

அவன் ஒவ்வொரு முனையாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபமும் இல்லை.

"இன்னான்னும்மா சொல்றது? நான் போனதும் கழுவுவீங்கன்னு அன்னிக்கே தெரியும். எந்த ஊட்டுக்குப் போனாலும் கழுவத்தான் செய்வாங்க. அதனாலதான் கம்பிய எவ்ளோ வேணாக் கழுவிக்குங்க, மூடிய மட்டும் உட்டுடுங்கன்னு சொன்னேன். சொன்னாக் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

கோதைநாயகி கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவன் வேலையை விடவில்லை. களிம்பைச் சுரண்டினான். மூடியைத் திறந்தபடியே வெயிலில் வைத்தான். அன்றைக்கு நல்ல வெயில். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பல்பை வைத்துப் பார்த்தான், எரியவில்லை. பையிலிருந்து ஒரு ரப்பர் வாஷரை எடுத்து, தேவை இருந்ததோ இல்லையோ, அதையும் போட்டுப் பூட்டினான். தேசிகன் எப்போதோ உள்ளே போயிருந்தான். பாஷ்யம் மட்டும் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஆச்சும்மா. இன்னும் ரெண்டு நாள் வெயில்ல காயட்டும், அப்பால மாட்டுங்க. சுவிட்ச அணச்சு, பிளக்கப் புடுங்கிட்டு அப்பால தண்ணில கை வெக்கச் சொல்லுங்க சாமிய."

கோதைநாயகி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே போய் நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுப்பா."

வரதன் அந்தக் கைகளைப் பார்த்தான். பிறகு வழக்கம் போல ஹீட்டரைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டடி தள்ளி நின்றான்.